நெல்லைச் சீமையின் பழைய நில அளவைக் கல்வெட்டுகள்: கையில் உள்ள பதிப்பு முழுமையானதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாமிரபரணிப் பாசனத்தில் ஊர் வரலாறு எழுத உட்காருகிறவர்கள், கோயில் நிலக் கணக்கைத் தேடி வருகிறவர்கள், கல்லூரியில் ஆய்வு செய்கிற பிள்ளைகள் என்று பலரும் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்கிறார்கள். "புத்தகத்தில் எங்க ஊர்க் கல்வெட்டு இருக்கு அண்ணாச்சி, ஆனா பாதியில நிக்கிற மாதிரி இருக்கே?" என்பதுதான் அதில் முதலாவது. அந்தக் கேள்விகளையும் பதில்களையும் இங்கே ஒன்றாக வைத்திருக்கிறேன்.

சோழர், பாண்டியர் காலத்தில் நெல்லைச் சீமையை அளந்த பதிவேடு முழுதாக எங்காவது இருக்கிறதா?

இல்லை. அளந்திருக்கிறார்கள் என்பதில் சந்தேகமே வேண்டாம். ராஜராஜன் காலத்தில், கி.பி. 1001ஐ ஒட்டிச் சோழநாட்டில் பெரிய அளவில் நிலம் அளக்கப்பட்டது. அதை நடத்திய சேனாபதிக்கு 'உலகளந்தான்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. முதல் குலோத்துங்கன் 1086இல் மறுபடி அளக்க வைத்தான். பாண்டிய நாடு அப்போது சோழர் கைக்குள் இருந்தது. ராஜேந்திரன் தன் மகனுக்குச் சோழ பாண்டியன் என்று பட்டம் கொடுத்து மதுரையில் அமர்த்தினான். மன்னார்கோயில், சேரன்மகாதேவிப் பக்கம் அந்த மகனின் ஆட்சியாண்டு போட்ட கல்வெட்டுகள் இன்றும் இருக்கின்றன. நிலவரிக் கணக்கு வைக்கப் புரவுவரித் திணைக்களம் என்று ஓர் அலுவலகமே இருந்தது.

ஆனால் அந்தக் கணக்கெல்லாம் ஓலையில் இருந்தது. ஓலை போய்விட்டது. கோயிலுக்கோ பிராமணர் ஊருக்கோ நிலம் கொடுத்தபோது, ஓலையில் இருந்ததில் தேவையான பகுதியைக் கல்லில் வெட்டினார்கள். இன்று நம்மிடம் இருப்பது அந்தக் கல்தான். ஒரு நாடு முழுவதற்கும் ஊர் ஊராக நிலம் எவ்வளவு, வரி எவ்வளவு என்று சொல்லும் ஒரே நூலை நெல்லைக்கு யாரும் பதிப்பிக்க முடியாது. அப்படி ஒன்று பதிப்பாகி இருப்பதாக யாராவது சொன்னால், அது பல கல்வெட்டுகளை ஒன்றுசேர்த்து இந்தக் காலத்தில் செய்த தொகுப்பாக இருக்கும்.

அப்படியென்றால் 'முழுமையான பதிப்பு' என்று எதைச் சொல்வது?

இந்தக் கேள்விக்கு விடை தெளிவாகாமல் பலர் வீண் சண்டை போடுகிறார்கள். அச்சில் உள்ள பாடத்தைக் கல்லோடு வைத்துப் பார்க்கலாம். கல்லை, அது எதிலிருந்து எடுத்து வெட்டப்பட்டதோ அந்த ஓலையோடு வைத்துப் பார்க்கலாம். இவை இரண்டும் வேறு வேறு கேள்விகள். பதிப்பாசிரியர் பொறுப்பு முதல் கேள்வியோடு முடிகிறது. கல்லில் உள்ள ஒவ்வொரு எழுத்தையும் கொடுத்துவிட்டு, தெரியாத இடத்தைத் தெரியாது என்று குறித்திருந்தால் அது முழுமையான பதிப்பு. கல்லே பாதி உடைந்திருந்தாலும் அப்படித்தான்.

மாறாக, கல் முழுசாக இருக்க, "நான்கெல்லையும் சொல்லப்பட்டுள்ளது" என்று ஒரு வரியில் முடித்துவிட்ட பதிப்பு எவ்வளவு நேர்த்தியாக அச்சாகி இருந்தாலும் முழுமையானதில்லை. நில வரலாற்றுக்கு வேண்டியதே அந்த நான்கெல்லைதான். வாய்க்கால் பெயர், குளத்துப் பெயர், பக்கத்து நிலத்துக்காரர் பெயர் எல்லாம் அங்கேதான் கிடக்கின்றன. அதைச் சலிப்பான பகுதி என்று வெட்டிய பதிப்புகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை.

நெல்லைக் கல்வெட்டுகளின் பாடம் எங்கெங்கே அச்சாகி இருக்கிறது?

முதலில் பார்க்க வேண்டியது நடுவண் தொல்லியல் துறையின் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசை. 1890இல் தொடங்கியது. 1925இல் வந்த 5ஆம் தொகுதியில் திருநெல்வேலிக் கோயில் கல்வெட்டுகள் இருக்கின்றன. 1962இல் வந்த 14ஆம் தொகுதி முழுக்கப் பாண்டியர் கல்வெட்டுகள். தனிச் சிறப்புள்ள சில கல்வெட்டுகள் எபிகிராபியா இண்டிகா என்ற ஆங்கிலக் கல்வெட்டு இதழில் விரிவான விளக்கத்தோடு வந்தன. அம்பாசமுத்திரத்தில் உள்ள, பாண்டிய மன்னன் வரகுண மகாராசன் கல்வெட்டு அதன் 9ஆம் தொகுதியிலும், திருச்செந்தூர் வரகுணன் கல்வெட்டு 21ஆம் தொகுதியிலும் உள்ளன. தமிழ்நாடு தொல்லியல் துறை மாவட்ட வாரியாக வெளியிட்ட தொகுப்புகளும் உண்டு.

5ஆம் தொகுதியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதில் பாடம் மட்டும்தான். மொழிபெயர்ப்போ நீண்ட குறிப்போ கிடையாது. அதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது பெரிய உதவி. பாடத்தை வரி எண்ணோடு அப்படியே கொடுத்திருப்பதால் கல்லோடு ஒப்பிடுவது சுலபம்.

ஆண்டறிக்கையில் எங்கள் ஊர்க் கல்வெட்டு இருக்கிறது. அது போதாதா?

போதாது. ஆண்டறிக்கை என்பது தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு அந்த ஆண்டு மைப்படி (கல்லில் தாளை ஒற்றி மையிட்டு எடுக்கும் பிரதி) எடுத்த கல்வெட்டுகளின் பட்டியல். 1887இலிருந்து வருகிறது. இடம், அரசன், ஆட்சியாண்டு, மொழி, இரண்டு மூன்று வரியில் சுருக்கம், அவ்வளவுதான். "கோயிலுக்கு நிலக்கொடை" என்று அதில் இருந்தால், கல்லில் அது ஐம்பது வரி ஓடும் எல்லை விவரமாகக்கூட இருக்கலாம்.

ஆனால் முழுமையைச் சோதிக்க ஆண்டறிக்கையைப் போல உதவுவது வேறில்லை. ஒவ்வொரு கல்வெட்டுக்கும் அதில் ஓர் எண் உண்டு. தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதியில் பாடத்தின் தலைப்பில் அந்த எண்ணையும் ஆண்டையும் போட்டிருப்பார்கள். உங்கள் ஊருக்கு ஆண்டறிக்கையில் எத்தனை எண் இருக்கிறது என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் தொகுதியில் எத்தனை வந்திருக்கிறது என்று பாருங்கள். இடைவெளி தெரிந்துவிடும். மைப்படி எடுத்துப் பல பத்தாண்டுகள் ஆகியும் பாடம் அச்சேறாத கல்வெட்டுகள் நிறைய. 1919இல் வெளிவந்த, சென்னை மாகாணக் கல்வெட்டுகளின் ஊர்வாரிப் பட்டியல் ஒன்றும் இருக்கிறது. அதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் வேலை பாதியாகும்.

ஆண்டறிக்கையின் குறிப்புப் பத்தியையும் விட்டுவிடாதீர்கள். "தொடக்கம் கட்டடத்துள் மறைந்தது", "சிதைந்தது", "முற்றுப்பெறவில்லை" என்று அங்கே இரண்டே சொல்லில் இருக்கும். பின்னால் வந்த பதிப்பில் அந்தக் குறிப்பு காணாமல் போய், பாடம் மட்டும் முழுசு போல நிற்பதைப் பலமுறை பார்க்கலாம்.

எங்கள் ஊர் எந்தப் பட்டியலிலும் இல்லையே?

மாவட்ட எல்லையைப் பாருங்கள். இது நெல்லைக்காரர்களுக்கு உள்ள தனித் தொல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர் பக்கமெல்லாம் 1910 வரை திருநெல்வேலி மாவட்டம். அந்த ஆண்டு ராமநாதபுரம் மாவட்டம் உண்டானபோது அங்கே போனது. செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரிலும், அப்புறம் 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. அதனால் அந்தப் பக்கத்துக் கல்வெட்டுகளைத் தேடினால் சென்னை மாகாணத்துப் பட்டியலை மட்டும் பார்த்து நிறுத்தக் கூடாது, திருவிதாங்கூர் தொல்லியல் வரிசையையும் பார்க்க வேண்டும். திருச்செந்தூர், கொற்கை, ஆழ்வார்திருநகரி எல்லாம் 1986இல் தூத்துக்குடி மாவட்டத்துக்குப் போயின. தென்காசி 2019இல் தனி மாவட்டம் ஆனது.

ஆக, 'திருநெல்வேலி மாவட்டக் கல்வெட்டுகள்' என்று தலைப்பிட்ட நூல் எந்த ஆண்டில் வந்தது, அப்போது மாவட்டம் எதுவரை என்று பார்க்காமல், அதில் இல்லை என்பதை வைத்து ஊரில் கல்வெட்டே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

கல்வெட்டில் ஊரின் பெயரும் வேறாக இருக்கும். திருநெல்வேலி கீழ்வேம்ப நாட்டில் இருந்தது. அம்பாசமுத்திரம் முள்ளி நாட்டு இளங்கோக்குடி. மானூருக்கு மானநிலைநல்லூர் என்று பெயர். இந்தப் பெயர்களிலும் தேடுங்கள்.

கல்லைப் பார்க்காமல், அச்சில் உள்ள பாடத்தைப் படித்தே குறை கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். நிலக் கல்வெட்டு ஓர் ஆவணம். இன்றைய கிரயப் பத்திரத்துக்கு ஒரு நடை இருப்பது போல அதற்கும் உண்டு. அரசன் பெயரும் ஆண்டும், நாட்டின் பெயர், ஊரின் பெயர், கொடுப்பவர், பெறுபவர், நிலத்தின் எல்லை, அளவு, அதில் நீக்கியது போக மீதி, வரி அல்லது வரிநீக்கம், சாட்சிகள், எழுதினவர், காப்பு வாசகம். இதில் எது இல்லை என்று பாருங்கள். 'இது பன்மாஹேஸ்வர ரக்ஷை' என்றோ, 'இவை இன்னார் எழுத்து' என்ற கையெழுத்து வரிசையோடோ முடிந்தால் கடைசிப் பகுதி தப்பியிருக்கிறது என்று ஓரளவு நம்பலாம். "இவ்வூர்" என்று பாடம் தொடங்கினால், எந்த ஊர் என்று சொன்ன முன்பகுதி போய்விட்டது.

எல்லைப் பகுதியில் ஒரு நுட்பமான சோதனை இருக்கிறது. கீழெல்லையைச் சொன்னால் நிலம் அதற்கு மேற்கே இருக்க வேண்டும். தென்னெல்லைக்கு வடக்கே, மேலெல்லைக்குக் கிழக்கே, வடவெல்லைக்குத் தெற்கே. கல்வெட்டும் இதே முறையில்தான் போகும்: கீழெல்லை இன்ன வாய்க்காலுக்கு மேற்கும், தென்னெல்லை இன்ன குளக்கரைக்கு வடக்கும், இப்படி. இப்போது அச்சில் "கீழெல்லை வாய்க்காலுக்கு வடக்கும்" என்று இருந்தால் என்ன நடந்திருக்கும்? ஒரு 'க்கு'விலிருந்து அடுத்த 'க்கு'வுக்குக் கண் தாவிவிட்டது. இடையில் 'மேற்கும்' என்ற சொல்லும், தென்னெல்லை முழுவதும் போய்விட்டன. படித்தவர் கண் தாவியதா, பிரதி எடுத்தவர் கண்ணா, கல்தச்சன் கண்ணா என்பது கல்லைப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் ஏதோ போயிருக்கிறது என்பது வீட்டில் உட்கார்ந்தபடியே தெரிந்துவிடும். எந்தப் பதிப்பை எடுத்தாலும் நான் முதலில் செய்து பார்ப்பது இதைத்தான்.

கணக்கை வைத்துச் சரிபார்க்கலாம் என்கிறார்களே, எப்படி?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாச் சோதனைகளையும்விட இது பலமானது. சொல்லைப் படிப்பதில் இரண்டு அறிஞர்கள் வேறுபடலாம். கூட்டல் கழித்தல் யாருக்கும் ஒன்றுதான்.

முதலில் ஓர் எளிய கணக்கு. அம்பாசமுத்திரம் கல்வெட்டில் வரகுண மகாராசன் தன் 16ஆம் ஆட்சியாண்டில் இளங்கோக்குடிச் சபையாரிடம் 290 காசு கொடுத்து, காசுக்கு ஆண்டுக்கு இரண்டு கலம் (பழைய தானிய அளவு) நெல் வட்டியாக அளக்கச் சொல்கிறான். மொத்தம் 580 கலம் என்று கல்லே சொல்கிறது. 290, 2, 580 மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. நாளை இதில் ஓர் எண் தேய்ந்து போனாலும் மற்ற இரண்டிலிருந்து மீட்டுவிடலாம். திருச்செந்தூர்க் கல்வெட்டில் இதே முறை பெரிதாக வருகிறது. 1400 காசு, பல ஊர்களிடம் பிரித்துக் கொடுக்கப்பட்டது, அதே இரண்டு கலம் வட்டி. ஊர்வாரியாக வரும் காசைக் கூட்டினால் 1400 வர வேண்டும். குறைந்தால் உங்கள் பதிப்பில் ஓர் ஊர் விடுபட்டிருக்கிறது, அல்லது ஓர் எண் தப்பு.

நிலக் கணக்கில் பின்னங்கள் வரும். வேலி என்பது பழைய நில அளவு. அதில் இருபதில் ஒன்று மா. எண்பதில் ஒன்று காணி. முந்நூற்று இருபதில் ஒன்று முந்திரிகை. அதற்கும் கீழே போக வேண்டுமென்றால் 'கீழ்' என்று சொல்லி, முந்திரிகையை ஒன்றாக வைத்து மறுபடி அரை, கால், மா, காணி என்று தொடங்குவார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இது வேலியை 5242 கோடியே 88 லட்சம் பங்காக்கி அதில் ஒரு பங்கு வரை போகிறது. 320ஐ நான்கு தடவை பெருக்கி, அதை ஐந்தால் பெருக்கினால் இந்த எண் வரும். இதில் ஒரு 'கீழ்' அச்சில் விட்டுப்போனால் அந்தப் பகுதியின் மதிப்பு 320 மடங்கு ஏறிவிடும். படிக்கும்போது கண்ணுக்கே தெரியாது. கணக்குப் போட்டால் உடனே இடிக்கும்.

நடைமுறையில் எப்படி என்று காட்ட, நானே போட்ட ஒரு மாதிரிக் கணக்கு இது. அளந்த நிலம் பன்னிரண்டு வேலி. ஊர் நத்தம், கோயில், குளம், ஊடே போகும் வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றுக்கு நீக்கியது ஒன்றேகாலே ஒருமா, அதாவது 1.30 வேலி. மீதி 10.70 வேலி, பத்தரையே நாலுமா. வேலிக்கு நூறு கலம் வரி என்றால் 1070 கலம்.

இப்போது அச்சில் மீதி நிலம் 'பத்தரையே மூன்றுமா' என்று இருக்கிறது, வரி 1070 கலம் என்று இருக்கிறது என்று வையுங்கள். வரியும் கழித்தலும் நாலுமா என்கின்றன. எனவே 'மூன்றுமா' என்று படித்தது பிழை. ஆனால் மீதி மூன்றுமா என்று இருந்து, வரியும் 1065 கலம் என்று இருந்தால் கதை வேறு. நிலமும் வரியும் ஒத்துப்போகின்றன, நீக்கியதில்தான் ஒருமா குறைகிறது. அப்படியானால் நீக்கிய பட்டியலில் ஏதோ ஒன்று, ஒரு திடலோ வாய்க்காலோ, பதிப்பில் விழுந்துவிட்டது என்று சந்தேகிக்க இடம் உண்டு. எங்கே தேட வேண்டும் என்பதைக் கணக்கே காட்டிவிடுகிறது.

ஓர் எச்சரிக்கை. எல்லா ஊரிலும் ஒரே கோலால் அளக்கவில்லை. எந்தக் கோல், அது எத்தனை அடி என்பது கல்வெட்டுக்குக் கல்வெட்டு மாறும். ஒரே கல்வெட்டுக்குள் கணக்குப் போடுவதில் தப்பில்லை. இரண்டு கல்வெட்டுகளின் வேலியைக் கூட்டுவதற்கு முன் இரண்டிலும் கோல் ஒன்றா என்று பார்த்துவிடுங்கள்.

பாடத்தில் புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் நட்சத்திரமும் இருக்கின்றன. என்ன அர்த்தம்?

பொதுவாக, சதுர அடைப்புக்குள் இருப்பது கல்லில் சிதைந்து, ஐயத்தோடு படித்த எழுத்து. நட்சத்திரத்தோடு சேர்ந்து அடைப்பில் இருப்பது கல்லில் இல்லாமல் பதிப்பாசிரியர் சேர்த்தது. தொடர்புள்ளி என்றால் அழிந்த இடம். ஆனால் இது தொகுதிக்குத் தொகுதி மாறும், முன்னுரையைப் படித்துவிடுங்கள். ஒரு புள்ளிக்கு ஓர் எழுத்து என்று கணக்கு வைக்கும் பதிப்பும் உண்டு. இரண்டு எழுத்து போனாலும் இரண்டு வரி போனாலும் ஒரே அளவு புள்ளி வைக்கும் பதிப்பும் உண்டு.

ஓர் அடைப்புக்குறிகூட இல்லாத நிலக் கல்வெட்டுப் பதிப்பைப் பார்த்தால் நான் கொஞ்சம் தள்ளியே நிற்பேன். எழுநூறு, எண்ணூறு ஆண்டு வெயிலிலும் எண்ணெயிலும் நின்ற கல், ஓர் எழுத்துகூடக் கெடாமல் இருப்பது அபூர்வம்.

மெய்க்கீர்த்தியை விட்டுவிட்டு அச்சிட்டிருக்கிறார்கள். அது குறையா?

மெய்க்கீர்த்தி என்பது கல்வெட்டின் தொடக்கத்தில் அரசன் புகழைச் சொல்லும் பகுதி. அதை விட்டதால் நிலக் கணக்குக்குப் பெரிய நஷ்டம் இல்லை. முதல் மாறவர்மன் சுந்தர பாண்டியனின் 'பூமருவிய திருமடந்தையும்' என்று தொடங்கும் மெய்க்கீர்த்தி பல ஊர்களில் திரும்பத் திரும்ப வருகிறது. விட்டதைச் சொல்லிவிட்டு விட்டிருந்தால் போதும். சொல்லாமல் விட்டிருந்தால், வேறு என்னவெல்லாம் சொல்லாமல் விட்டார்கள் என்று பார்க்க வேண்டியதுதான்.

கோயிலுக்கு நேரில் போனால் எதைப் பார்க்க வேண்டும்?

புத்தகத்தை, குறைந்தது பாடத்தின் நகலை, கையில் எடுத்துப் போங்கள். அனுமதி கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். சுண்ணாம்பு, மாவு, சாக்பீஸ் எதையும் கல்லில் தேய்க்கக் கூடாது. சுரண்டவும் கூடாது. செல்போன் விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் தேய்ந்த எழுத்தும் நிழல் விழுந்து எழுந்து நிற்கும். காலை வெயில் சாய்வாக விழும் நேரம் இன்னும் நல்லது.

முதலில் வரிகளை எண்ணுங்கள். அச்சில் பதினான்கு வரி, கல்லில் பதினாறு என்றால் விஷயம் அங்கேயே முடிந்துவிட்டது. ஒத்துப்போனால் ஒவ்வொரு வரியின் முதல் சொல்லையும் கடைசிச் சொல்லையும் மட்டும் பாருங்கள். முழுசாகப் படிக்கத் தெரியாதவர்கூட இதைச் செய்யலாம்.

அச்சில் உள்ள இடைவெளிகள் எந்த வடிவத்தில் விழுகின்றன என்பதையும் கவனியுங்கள். இது நிறையச் சொல்லும். கல்வெட்டு வரிகள் கருவறையின் அடிப்பகுதியைச் சுற்றி, ஜகதியிலும் குமுதத்திலும் பட்டிகையிலுமாக நீளமாக ஓடும். ஒரு வரி தென்சுவரில் தொடங்கி மேல்சுவரைச் சுற்றி வடசுவரில்கூட முடியலாம். பின்னால் ஒரு மண்டபத்தையோ அம்மன் சன்னதியின் சுவரையோ அதில் முட்டக் கட்டினால், எல்லா வரியிலும் ஒரே இடத்தில் துண்டு போகும். அச்சிலும் ஒவ்வொரு வரியிலும் கிட்டத்தட்ட அதே இடத்தில் புள்ளி விழும். தளவரிசையை உயர்த்தியிருந்தால் அடி வரிகள் மட்டும் மொத்தமாகப் போகும். எண்ணெய்யும் கைபட்ட தேய்மானமும் என்றால், விளக்கு வைக்கும் இடத்தை ஒட்டி வட்டமாக எழுத்து மங்கும். கல்லைப் பிரித்து மாற்றி அடுக்கியிருந்தால் வரி நடுவில் பொருள் அறுந்து, வேறோர் இடத்தில் தொடரும். இப்படி ஒரு வடிவமும் இல்லாமல், வாசிக்கக் கடினமான எண்களும் ஊர்ப்பெயர்களும் வரும் இடத்தில் மட்டும் புள்ளி விழுந்தால், அங்கே கல் நன்றாகவே இருக்கலாம். படித்தவர்தான் திணறியிருப்பார்.

முற்காலப் பாண்டியர் கல்வெட்டுகள் வட்டெழுத்து என்ற பழைய எழுத்து வடிவில் இருக்கும். அம்பாசமுத்திரம் வரகுணன் கல்வெட்டு அப்படித்தான். அதற்குத் தெரிந்தவர் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். தமிழ் எழுத்தில் இருந்தாலும் கல்லில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது, குறில் நெடில் எகர ஒகரம் வேறுபடாது, காலும் ரகரமும் ஒன்று போலவே இருக்கும். அச்சில் அவை பிரிந்திருப்பது பதிப்பாசிரியர் முடிவு. ஊர்ப்பெயரில் இது முக்கியமாகிவிடும்.

திருப்பணி நடந்த கோயில் என்றால், பழைய பாடம் இன்றைய கல்லைவிட நீளமாக இருக்கலாம். மணல் வீசித் தேய்த்ததிலும் பூசி மெழுகியதிலும் எழுத்து போன கல்வெட்டுகள் நம் சீமையில் கொஞ்சமில்லை. அந்த இடத்தில் கல் இல்லை என்பதற்காகப் பதிப்பைச் சந்தேகிக்காதீர்கள். பழைய மைப்படிதான் அங்கே சாட்சி. மைசூரில் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவரும்படி 2021இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதைப் பற்றி ஊருக்கு ஊர் ஏன் இவ்வளவு ஆர்வமாகப் பேசினார்கள் என்பது இதிலிருந்து புரியும்.

இணையத்தில் தட்டச்சு செய்து போட்டிருக்கும் பாடங்களை நம்பலாமா?

தேடுவதற்கு நல்லது. நிலக் கணக்குக்கு அதையே கடைசிச் சான்றாக வைக்க வேண்டாம். கல்லில் மா, காணி, முந்திரிகை, நிலம், நெல், கலம் எல்லாவற்றுக்கும் தனிக் குறியீடுகள் உண்டு. ஒருங்குறியில் (யூனிகோடில்) இவற்றுக்கென்று 51 குறிகள் கொண்ட தமிழ்த் துணைத் தொகுதி 2019இல்தான் சேர்ந்தது. அதற்கு முன் தட்டச்சு செய்தவர்கள் குறியீட்டைச் சொல்லாக விரித்திருப்பார்கள், இல்லையென்றால் வெற்றிடம் விட்டிருப்பார்கள். சேர்ந்த பிறகும் பல எழுத்துருக்களில் அந்தக் குறிகள் இல்லாததால் திரையில் வெறும் கட்டமாகத் தெரியும். "நிலம்" என்ற சொல்லுக்குப் பிறகு எண்ணே இல்லாமல் அடுத்த வாக்கியம் தொடங்கினால் அச்சுப் பிரதியைத் திறந்து பாருங்கள். வருடி எடுத்த படக்கோப்பு கிடைத்தால் தட்டச்சுப் பாடத்தைவிட அதுவே மேல். அதிலும் கடைசியில் உள்ள பிழைதிருத்தப் பக்கங்கள் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வருடுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது அதைத்தான்.

வெளிநாட்டில் இப்படி ஒரு நில அளவை முழுசாகக் கிடைத்திருக்கிறதா?

இங்கிலாந்தின் டூம்ஸ்டே ஏட்டைச் சொல்வார்கள். அதுவும் 1086தான், குலோத்துங்கன் அளந்த அதே ஆண்டு. தோலில் எழுதிய மூல ஏடே லண்டனில் பத்திரமாக இருக்கிறது. 1783இல், மூலத்தின் சுருக்கெழுத்துகளைக்கூட அப்படியே காட்டும் தனி அச்செழுத்து வார்த்து அதை அச்சிட்டார்கள்.

ஆனாலும் மூலமே எல்லா ஊரையும் சொல்லவில்லை. லண்டனும் வின்செஸ்டரும் அதில் இல்லை. அவற்றுக்காக விட்ட வெற்றிடம் ஏட்டில் அப்படியே கிடக்கிறது. வடக்கே டர்ஹம், நார்தம்பர்லாந்து இல்லை. இன்னொன்றும் உண்டு. தென்மேற்கு மாவட்டங்களுக்கு எக்ஸிடரில் ஒரு முன்வரைவு தப்பியிருக்கிறது. அதில் ஆடு, மாடு எண்ணிக்கை வரை இருக்கிறது. பெரிய ஏட்டில் அதைச் சுருக்கிவிட்டார்கள். நம் ஓலைக்கும் கல்லுக்கும் இடையே என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்க இந்த ஒப்பீடு எனக்கு உதவுகிறது. பதிப்பு முழுமை, மூலம் முழுமையில்லை. இரண்டையும் அங்கே அறிஞர்கள் தனித்தனியாகவே பேசுகிறார்கள்.

கல்வெட்டுப் பதிப்பைக் காட்டிக் கோயில் நிலத்தை மீட்க முடியுமா?

அதை மட்டும் வைத்து முடியும் என்று நினைத்து இறங்காதீர்கள். கல்வெட்டு எல்லையில் வரும் வாய்க்காலையும் குளத்தையும் இன்றைய புல எண்ணோடு இணைக்க, இனாம் பதிவேடு, செட்டில்மென்ட் பதிவேடு, அடங்கல் என்று நடுவில் பல படிகள் வேண்டும். நல்ல வழக்கறிஞரைப் பாருங்கள். வழக்கு என்று வந்துவிட்டால், பாடத்தில் நட்சத்திரம் போட்டுச் சேர்த்த சொல் எது, கல்லில் உள்ள சொல் எது என்று பிரித்துக் காட்டாமல் எந்தத் தாளையும் கொடுக்காதீர்கள். எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது அதைத்தான்.

பதிப்பில் இல்லாத வரிகளைக் கல்லில் கண்டுபிடித்தால் என்ன செய்வது?

அன்றே படம் எடுங்கள். ஒரு படத்தின் ஓரம் அடுத்த படத்திலும் வரும்படி, வரி முழுவதும் தொடர்ச்சியாக எடுக்க வேண்டும். பக்கத்தில் ஓர் அளவுகோலை வையுங்கள். எந்தச் சுவர், தரையிலிருந்து எவ்வளவு உயரம், எந்த உறுப்பில் இருக்கிறது, ஆண்டறிக்கை எண் என்ன என்று அங்கேயே நின்று எழுதிவிடுங்கள். வீட்டுக்கு வந்தால் தென்சுவரா வடசுவரா என்று மறந்துபோகும். படிக்க முடிந்ததை வரி வரியாக எழுதி, ஐயமான எழுத்தை அடைப்புக்குள் போட்டு, படிக்க முடியாத இடத்தை ஊகத்தால் நிரப்பாமல் விடுங்கள். அப்புறம் தொல்லியல் துறையின் மாவட்ட அலுவலகத்துக்கும், கோயில் நிர்வாகத்துக்கும் படத்தோடு ஒரு கடிதம். திருப்பணி நடக்கப் போகும் கோயில் என்றால் கடிதத்தில் அதை முதல் வரியிலேயே எழுதுங்கள், அவர்கள் வருவதற்குள் பூச்சு வேலை தொடங்கிவிடக் கூடாது.